வடக்குச் சுவரில் வெயில்

மார்கழி

ஜனவரி முதல் வாரத்தில், பெரும்பாலும் 3 அல்லது 4ஆம் தேதி, பூமி சூரியனுக்கு மிக அருகே வருகிறது. அன்று இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவு, 15 கோடியே 21 லட்சம். ஐம்பது லட்சம் கிலோமீட்டர் கிட்ட வந்திருக்கும் இந்தச் சமயத்தில்தான் மதுரைத் தெருக்களில் கம்பளிக் குல்லாய் விற்பனைக்கு வருகிறது. பால் வாங்கப் போகிறவர்கள் காதை மூடித் துண்டு கட்டிக்கொள்கிறார்கள். கிட்டப் போனால் சுடும் என்ற அறிவு இங்கே செல்லாது.

அருகே வருவதால் ஆதாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜூலையைவிட ஜனவரியில் பூமி முழுவதுமாகப் பெறும் வெயில் ஏறத்தாழ ஏழு சதவீதம் அதிகம். ஆனால் அந்த ஏழு சதவீதத்தைப் பூமி அச்சின் 23.4 பாகைச் சாய்வு விழுங்கிவிடுகிறது. டிசம்பர் 21 நண்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்தான் ஏறுகிறது. அவ்வளவு சாய்ந்து வரும் ஒளி, நேராக விழுந்தால் படும் பரப்பைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு நிலத்தில் பரவி மெலிந்துபோகிறது. பகலும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. அப்புறம் குளிராமல் என்ன செய்யும்?

மதுரைக்கு வருவோம். அதே நாள் நண்பகலில் இங்கே சூரியன் தென்வானில் 56 பாகைக்கு மேல் உயரத்தில் நிற்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் பதினொன்றரை மணி நேரம். ஜூனில் வரும் மிக நீண்ட பகல் பன்னிரண்டே முக்காலைக்கூடத் தொடாது. இரண்டுக்கும் வித்தியாசம் எழுபது நிமிடம்.

எழுபது நிமிடத்தை வைத்துக்கொண்டு ஒரு பருவத்தை உண்டாக்க முடியாது. நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது இதுதான். நம் பாடநூல்களில் பூமியின் சாய்வையும் பருவங்களையும் விளக்கும் படம் லண்டனுக்காக வரைந்த படம். நான்கு பருவம், மஞ்சள் இலை உதிர்க்கும் மரம், பனி மூடிய கூரை. படம் பொய் சொல்லவில்லை. பத்தாம் பாகையில் குடியிருப்பவனுக்கு அது ஊரார் வீட்டுச் செய்தி, அவ்வளவுதான். சாய்வு நம் ஊரில் என்ன செய்கிறது, எந்த வழியாக வந்து செய்கிறது என்று அவ்வப்போது குறித்து வைக்கிறேன்.

தை

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் ஆகியும் விடியல் தள்ளித் தள்ளிப் போகிறது. டிசம்பர் 21 அன்று மதுரையில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதித்தது. ஜனவரி கடைசியில் 6.40 ஆகிவிட்டது. ஆண்டிலேயே மிகத் தாமதமான விடியல் இந்த நாட்களில்தான். மாலையில் நேர்மாறு: மிகச் சீக்கிரம் இருட்டுவது நவம்பர் மூன்றாம் வாரத்தில். குறுகிய பகல் கொண்ட டிசம்பர் 21 வருவதற்குள் அஸ்தமனம் ஒன்பது பத்து நிமிடம் பின்னுக்குப் போயிருக்கும்.

இந்தக் குழப்பத்தின் ஒரு பாதியும் சாய்வின் வேலைதான். கடிகாரம் ஒவ்வொரு நாளுக்கும் ஒரே அளவு, 24 மணி. உச்சியிலிருந்து மறுநாள் உச்சிக்குச் சூரியன் எடுத்துக்கொள்ளும் நேரமோ அப்படி இல்லை. பூமி நீள்வட்டத்தில் ஓடுவதும், ஓடும் தளத்துக்கு அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து டிசம்பர் கடைசியில் அந்த நேரத்தை 24 மணியைவிட அரை நிமிடம் கூட்டிவிடுகின்றன. நாளுக்கு அரை நிமிடம் என்று சேர்ந்து நண்பகலே பின்னுக்கு நகர்கிறது, விடியலும் அஸ்தமனமும் கூடவே போகின்றன. லண்டனில் பகலின் நீளம் வேகமாக மாறுவதால் இந்தப் பிசகு அதற்குள் அமுங்கிவிடும். நம் ஊரில் பகல் அதிகம் மாறாததால் துலக்கமாகத் தெரிகிறது.

குளிரும் சூரியனுக்குப் பின்தங்கியே வருகிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொன்னவர்கள் வெப்பமானி பார்த்துச் சொல்லவில்லை. சூரியன் திரும்பி இரண்டு மாதம் ஆன பிறகும் பனி கூடுவதாகச் சொல்லும் அந்தப் பழமொழி, நிலம் மெல்லச் சூடாகி மெல்ல ஆறுவது என்ற கணக்கை உள்ளே வைத்திருக்கிறது.

தை முதல் நாளை உத்தராயணத்தின் தொடக்கம் என்கிறோம். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல், மார்கழி முதல் வாரத்திலேயே. இடைவெளி இருபத்துமூன்று, இருபத்துநான்கு நாள். காரணம் எளிது. பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரத்தின் தலையைப்போல மெதுவாக வட்டமடிக்கிறது; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. நம் பஞ்சாங்கத்தின் மாதங்கள் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டவை. வெயிலும் மழையும் சாய்வைப் பிடித்துக்கொண்டவை. இரண்டும் அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன. ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன.

இதைச் சரிசெய்யச் சுதந்திர இந்தியா முயன்றது. இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை தந்தது. அதன்படி, சாய்வைப் பின்பற்றும் தேசிய நாள்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடப்புக்கு வந்தது. அரசிதழில் தேதிக்குப் பக்கத்தில் சக ஆண்டு என்று அச்சாவது அதுதான். நாட்டில் யாரும் அதன்படி பண்டிகை கொண்டாடவில்லை. எனக்கு இதில் வருத்தம் இல்லை. பொங்கலை டிசம்பருக்கு மாற்றினால் கரும்பும் மஞ்சளும் கதிரும் கேட்க வேண்டுமே. ஆனால் பஞ்சாங்கம் இப்படியே போனால் இன்னும் ஐந்தாறாயிரம் ஆண்டில் பொங்கல் ஏப்ரல் வெயிலில் வரும். அப்போது இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மாசி

இந்த மாதத்து இரவுகளில் மேகம் இல்லை. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. மதுரையில் வடக்கு அடிவானத்திலிருந்து அந்த அளவு உயரத்தில், தூசிக்கும் தெருவிளக்குக்கும் மேலே, துருவ நட்சத்திரம். பெரிதாக ஒன்றும் மின்னாது. தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். பூமியின் அச்சை வடக்கே நீட்டினால் ஏறத்தாழ அதைத்தான் தொடும்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அது அங்கேதான் இருக்கும். பருவங்களின் சூத்திரம் முழுவதும் இந்த அசையாமையில் இருக்கிறது. அச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவதால் பருவம் மாறுகிறது என்று பலர் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. நன்றாகப் படித்தவர்களிடமும் கண்டிருக்கிறேன். ஓராண்டுக்குள் அச்சு கண்ணுக்குத் தெரியும்படி ஆடுவதே இல்லை. ஜூனில் வட துருவம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறது. டிசம்பரில் அதே சாய்வோடு நாம் சூரியனுக்கு மறுபக்கம் வந்துவிடுகிறோம். சாய்ந்தது நிமிரவில்லை, திரும்பவும் இல்லை. இடம் மட்டும் மாறியிருக்கிறது.

பங்குனி

இன்ன ஊர்க் கோயிலில் கருவறை வரை வெயில் விழுந்தது, பக்தர்கள் கூடினார்கள் என்று செய்தி வந்தால் நாள்காட்டியை எடுத்து அதன் இணை நாளைத் தேடுவேன். டிசம்பர் 21இலிருந்து முன்னோக்கி எத்தனை நாளோ, பின்னோக்கியும் அத்தனை. மார்ச் 10 என்றால் அதன் ஜோடி அக்டோபர் 3. சூரியன் போன வழியே திரும்பி வருவதால் இரண்டு நாளிலும் உதிக்கும் இடம் ஒன்றே. ஒன்று கோடைக்கு முன், மற்றது மழைக்கு முன். இரண்டாவதில் மேகம் குறுக்கே வராமல் இருக்க வேண்டும்.

சித்திரை

ஏப்ரல் 16 மதுரையில் நிழலில்லா நாள். பகல் 12.17 மணிக்குச் சூரியன் நேர் உச்சியில் வரும். கொடிக்கம்பமும் தண்ணீர்த் தொட்டியும் மாடிக் கம்பியும் தம் நிழலைத் தம் காலடியிலேயே வைத்துக்கொள்ளும். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10 வாக்கில் நடந்து முடிந்திருக்கும். சென்னையில் 24ஆம் தேதி. பூமி சாய்ந்திராவிட்டால் சூரியன் ஆண்டு முழுவதும் நிலநடுக்கோட்டுக்கு மேலேயே நின்றிருக்கும், நமக்கு இந்த நாளே கிடைத்திருக்காது.

சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் அரண்மனை எழுப்பும் பகுதி ஒன்று உண்டு. மரபாகப் பாண்டியன் நெடுஞ்செழியனுடையது என்று கொள்ளப்படுவது. சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நண்பகல் நேரத்தில் இரண்டு கோல் நட்டு, நிழல் பார்த்து, நூலறிந்தவர்கள் திசை குறித்துக் கயிறு பிடிக்கிறார்கள். அரண்மனையின் அழகைச் சொல்ல வந்த புலவர் அஸ்திவாரத்துக்கு முந்தைய வேலையிலிருந்து தொடங்குகிறார். எனக்குப் பழைய இலக்கியத்தில் இதைவிடப் பிடித்த கட்டடக்காட்சி இல்லை.

இதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், அந்த நாளைச் சித்திரையின் நடுவில் வரும் பத்து நாட்களுக்குள் வைக்கிறார். அதாவது 11 முதல் 20 வரை. ஏப்ரல் 16 சித்திரையில் இரண்டாம், மூன்றாம் நாள் ஆயிற்றே? இன்று சித்திரை 15இல் மதுரையில் நூறு சென்டிமீட்டர் கோல் நட்டால் நண்பகல் நிழல் ஏழெட்டு சென்டிமீட்டர் தெற்கே விழும். அரண்மனைக்கு மனை பார்க்கிறவர்கள் அந்த நிழலைக் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

தை மாதக் குறிப்பில் எழுதிய விலகலை இங்கே போட்டுப் பார்த்தேன். நச்சினார்க்கினியர் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். மதுரைக்காரர். அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்றால் 650 ஆண்டுக்குப் பத்து நாள், பதினொரு நாள். அவர் காலத்தில் மதுரையின் நிழலில்லா நாள் சித்திரை 12, 13, 14இல் விழுந்திருக்கும். அவர் சொன்ன பத்து நாளுக்குள் சரியாக உட்கார்கிறது. இன்னும் பின்னே, பாட்டு எழுந்த காலத்துக்குப் போனால் அது சித்திரைக் கடைசிக்குத் தள்ளிப்போகிறது. ஆக, உரை பொருந்துவது உரைகாரரின் காலத்து வானத்துக்கு.

இதை நிரூபணம் என்று சொல்லத் துணியமாட்டேன். மனைநூல்களில் இருந்த வழக்கை அவர் எடுத்து எழுதியிருக்கவும் கூடும். ஆனால் ஏட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் வீட்டு முற்றத்தையும் ஒருமுறை அவர் பார்த்திருப்பார் என்று எண்ண எனக்குப் பிடித்திருக்கிறது.

கத்திரி

மே 4 முதல் 28 வரை அக்கினி நட்சத்திரம். சூரியன் மதுரை உச்சியைக் கடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, மே நடுவில் மும்பைக்கு மேலே நிற்கிறது. வெயில் மட்டும் இங்கே நம் தலையை விடவில்லை. காய்ந்த மண், மேகமில்லா வானம், மலையிறங்கி வரும் வறண்ட மேற்குக் காற்று. கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்குக் கடற்காற்று எப்போது வரும் என்பதே பகல் முழுவதும் பேச்சு.

ஒரு கேள்வி. சூரியன் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தெற்கே திரும்பும்போது மதுரை உச்சியை இன்னொரு முறை கடக்கிறது. உச்சி வெயில்தான் கோடை என்றால் நமக்கு ஆண்டுக்கு இரண்டு கோடை இருக்க வேண்டும். ஆகஸ்ட் உச்சியை யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஒளியின் கோணம் இரண்டிலும் ஒன்று. நடுவில் வேறு ஏதோ வந்திருக்கிறது.

ஆடி

"சித்திரையில இம்புட்டு உள்ள வராது தம்பி. ஆனி ஆடியிலதான் இந்தச் சன்னல் வழியா வெயிலு எட்டிப் பாக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் சமையலறை சன்னல் வடக்குப் பார்த்தது. காலையிலும் சாயங்காலமும் சாய்ந்த வெயில் அதில் நுழைந்து அஞ்சறைப் பெட்டி வரை வந்துவிடுகிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நான்கு மாதத்துக்கு மேல் நம் ஊரில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. தில்லிக்காரருக்கு இது வாய்க்காது. கடகரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு நண்பகல் சூரியன் ஒருநாளும் உச்சியைத் தாண்டி வடக்கே போகாது. பாடநூல் படத்திலும் இந்த வடக்கு வெயில் கிடையாது.

அக்காவிடம் சாய்வைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "அது கெடக்கட்டும், இந்தக் காத்து எப்ப நிக்கும்னு சொல்லுங்க" என்றார். கொடியில் போட்ட துணி எதுவும் தங்கவில்லை. நியாயமான கேள்வி. அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது.

ஜூனில் சூரியன் நிற்பது கடகரேகைக்கு மேலே. குஜராத், மத்தியப் பிரதேசம், வங்காளம் வழியே போகும் கோடு அது. அதற்கும் வடக்கே கங்கைச் சமவெளி, ராஜஸ்தான் மணல், நாலரை கிலோமீட்டர் உயரத்தில் திபெத் பீடபூமி. நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். அந்தப் பெரும் நிலப்பரப்பின் மேல் காற்று எழும்ப, காற்றழுத்தம் குறைய, தெற்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று புறப்படுகிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிவிடுகிறது. அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளக் கரையைத் தொடுவது. எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி, 1686இல் கடற்காற்றுகளுக்கு ஒரு வரைபடம் போட்டு, பருவக்காற்றுக்குக் காரணம் சூரியன் சூடாக்கும் விதம்தான் என்று எழுதினார். பூமி சுழல்வதன் பங்கு அவர் கணக்கில் இல்லை. 1735இல் ஜார்ஜ் ஹாட்லி அதைச் சேர்த்தார்.

மேற்குத் தொடர்ச்சி மலை அந்தக் காற்றின் மழையை அந்தப் பக்கமே பிழிந்துகொள்கிறது. நமக்குக் காற்று மட்டும் மிச்சம். செங்கோட்டைக் கணவாயில் நுழைவது குற்றாலத்துக்குச் சாரல் கொடுக்கிறது. ஆரல்வாய்மொழியில் நுழைவது காற்றாலைகளைச் சுற்றுகிறது. மதுரைக்கு வருவது துணியைப் பறக்கவிடுகிறது. கூடவே வரும் மேகம் ஆகஸ்ட் உச்சி வெயிலை மறைத்துவிடுகிறது. இரண்டாம் கோடை இல்லாமல் போனது இதனால்தான்.

மழையும் முழுக்க இழப்பாகவில்லை. மலைக்கு மேற்கே பெய்வதில் ஒரு பகுதியைப் பெரியாறு அணை தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்புகிறது. பென்னிகுவிக் கட்டி 1895இல் முடித்த அணை. கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் முதல் நாள். பிறகு அது வைகையில் சேர்ந்து மதுரைக்கு வருகிறது. நான் குடிக்கிற தண்ணீரில் திபெத்தின் வெயில் இருக்கிறது. சூரியன் நேரடியாக நமக்குத் தராத பருவத்தை வேறொரு நிலத்தின் வழியாகத் தருகிறது. நம் ஊரில் சாய்வை ஒளியில் தேடினால் எழுபது நிமிடம்தான் கிடைக்கும். காற்றில் தேட வேண்டும்.

ஐப்பசி

செப்டம்பர் 22 அல்லது 23இல் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே போய்விட்டது. வடக்கு நிலம் ஆறத் தொடங்க, காற்று திரும்புகிறது. இப்போது அது நிலத்திலிருந்து கடலுக்கு. வறண்ட காற்று. வழியில் வங்கக் கடல் கிடைக்கவே ஈரத்தை அள்ளிக்கொண்டு வடகிழக்கிலிருந்து நம் கரையில் ஏறுகிறது. மார்ச் 20 முதல் செப்டம்பர் 22 வரை சூரியன் வடபாதியில் இருந்த நாட்கள் 186. தெற்கே இருக்கப்போவது 179. சூரியனுக்குத் தொலைவில் பூமி மெதுவாக ஓடுவதால் அந்த ஏழு நாள் வித்தியாசம்.

நாடு முழுவதும் மழைக்காலம் முடிந்துவிட்டது என்று தில்லிச் செய்தி சொல்லும் வாரத்தில் நமக்குத் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்தக் காற்று வீசும் மூன்று மாதத்தில். சில ஆண்டு புயலாக வந்து ஒரே வாரத்தில் முழுவதையும் கொட்டிவிடும், சில ஆண்டு ஏமாற்றும். சாய்வு ஆண்டுதோறும் ஒரே அளவுதான். மழை அப்படி இல்லை. சாய்வு காலத்தைத் திறந்துவிடும், அளவுக்குப் பொறுப்பேற்காது. கண்மாய்க் கரையில் நிற்கிற விவசாயிக்கு 23.4 பாகை என்ற எண்ணால் ஒரு பயனும் இல்லை.

கார்த்திகை

விடாத மழை. வெளியே போக வழியில்லை. மிலுட்டின் மிலன்கோவிச்சைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

செர்பியர். வியன்னாவில் கான்கிரீட் கட்டுமானப் பொறியாளராக இருந்து, பிறகு பெல்கிரேடில் பேராசிரியர் ஆனவர். 1914இல் புதிதாக மணம் முடித்து மனைவியோடு தன் பிறந்த ஊருக்குப் போயிருந்தபோது உலகப்போர் மூண்டது. ஆஸ்திரிய–ஹங்கேரிய அரசு அவரைச் சிறைப்பிடித்தது. பின்னர் புடாபெஸ்ட் நகரை விட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்கள். அங்கே அறிவியல் கழக நூலகத்தில் உட்கார்ந்து அவர் போட்ட கணக்கு இது: பூமியின் சாய்வும், அச்சின் வட்டமும், பாதையின் நீள்வட்டமும் மாறுகிறபோது எந்த அட்சரேகைக்கு எவ்வளவு வெயில் கூடும், எவ்வளவு குறையும்? கணிப்பொறி இல்லை. காகிதமும் பேனாவும். முழு நூலாக அது வந்தது 1941இல், பெல்கிரேடில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில்.

சாய்வு 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே போய் வருகிறது, ஒரு முறை போய் வர 41,000 ஆண்டு. இப்போது குறைந்துகொண்டிருக்கிறது. இரண்டரைப் பாகைக்கும் குறைவான இந்த அசைவு, மற்ற இரண்டோடு சேர்ந்து பனியுகங்களை வரவழைத்தும் அனுப்பியும் இருக்கிறது என்றார் மிலன்கோவிச். பலர் நம்பவில்லை. அவர் 1958இல் இறந்துபோனார். 1976இல் மூன்று விஞ்ஞானிகள் கடலடி வண்டலில் எடுத்த மாதிரிகளில் அந்தக் கால இடைவெளிகள் பதிந்திருப்பதைக் காட்டினார்கள். அந்த வண்டல் எடுத்தது தென் இந்தியப் பெருங்கடலின் அடியில். நம் தென்மேற்குக் காற்று புறப்படும் அதே கடலின் தென்கோடி.

சந்திரன் மட்டும் இல்லையென்றால் இந்த அசைவு இரண்டரைப் பாகையோடு நின்றிருக்காது என்பது பிரெஞ்சு வானியலாளர் ழாக் லஸ்காரும் உடன் பணியாற்றியவர்களும் 1993இல் போட்ட கணக்கு. செவ்வாயின் சாய்வு இன்று 25 பாகை, ஏறத்தாழ நம்முடையதுதான். ஆனால் அதைப் பிடித்துவைக்கப் பெரிய துணைக்கோள் இல்லாததால் பல லட்சம் ஆண்டுகளில் அது தாறுமாறாக மாறியிருக்கிறது.

ஏறத்தாழ பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் சாய்வு இன்றையதைவிடச் சற்று அதிகம். பூமி சூரியனுக்கு அருகே வந்ததும் வடபாதியின் கோடையில். இரண்டும் கூடியதால் வடக்கு நிலங்கள் இன்னும் சூடாகி, பருவமழை இன்னும் உள்ளே போனது. சகாரா பாலைவனத்தில் அந்தக் காலத்தில் ஏரிகள் இருந்தன, நீர்யானைகள் இருந்தன, பிற்பாடு மாடு மேய்த்தவர்கள் பாறைகளில் படம் வரைந்தார்கள். நம் பருவமழையும் அன்று பலமாக இருந்தது. பிறகு படிப்படியாகத் தளர்ந்தது. யாரும் செய்த பாவத்தால் நடந்ததில்லை இது. இன்று காற்றில் நாம் ஏற்றும் கரிப்புகையால் நடப்பது வேறு கணக்கு. அதற்கு நூறு ஆண்டே போதுமாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எல்லாம் இயற்கைச் சுழற்சி என்று கைகழுவுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

மிலன்கோவிச்சுக்கு நூலகம் வேண்டியிருந்தது. சாய்வை அளக்க மட்டும் என்றால் ஒரு கோலே போதும். புவியியல் ஆசிரியர்களுக்கு, குறிப்பாக மதுரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். நிழலில்லா நாளை விட்டுவிடுங்கள். ஏப்ரலில் தேர்வு, ஆகஸ்டில் மேகம். ஜூன் 21 பள்ளி நாள். மேகம் விலகும் நேரம் பார்த்து மைதானத்தில் நூறு சென்டிமீட்டர் கோலை நேராக நட்டு, நண்பகல் நிழலை அளக்கச் சொல்லுங்கள். மதுரையில் 24 சென்டிமீட்டர் தெற்கே விழும், கோணம் 13.5 பாகை. டிசம்பர் 21இல், அரையாண்டுத் தேர்வு முடியும் சமயம், அதே இடத்தில் இன்னொரு முறை. அன்று 66 சென்டிமீட்டர் வடக்கே, 33.4 பாகை. இரண்டு கோணத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் பூமியின் சாய்வு வரும். கழித்துப் பாதியாக்கினால் உங்கள் பள்ளியின் அட்சரேகை வரும்.